காட்டுமேட்டுக்குப் போகும் சிஸ்டர்

காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள் ஒரகடம் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கிற நேரம். அந்த நெரிசலின் ஓரத்தில் ஒரு பழைய எக்ஸெல் வண்டி, சந்து கிடைத்த இடத்திலெல்லாம் நுழைந்து நுழைந்து முன்னேறும். ஓட்டுகிறவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வெளிர்நீலப் பருத்திச் சேலை, அதற்குமேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் பெரிய ஹெல்மெட். காலடியில் ஒரு தண்ணீர் கேனும் மருந்துப் பெட்டியும். பஸ் ஜன்னலில் தூங்கி வழியும் பிள்ளைகள், ஏதோ ஒரு கேன்டீனுக்கு வேலைக்குப் போகிற அம்மா என்று நினைத்திருப்பார்கள்.

அவள் பெயர் எஸ்தர் கனகம். மிஷன் நர்ஸ். சொந்த ஊர் நாசரேத்துக்குப் பக்கத்தில், செம்மணல் தேரிக்காட்டு ஓரம். நர்ஸ் படிப்பு முடித்ததும் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் ஒரு மிஷனெரி சங்கத்தில் பேர் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டாள். இறங்கிய இடம் ஒடிசாவின் தெற்கு மலைக்காடு. வாலிப வயது முழுக்க அங்கேயே கழிந்தது. ரோடு கிடையாது, கரண்ட் கிடையாது. விடிந்ததும் ஜெபம் பண்ணி, கஞ்சி குடித்துவிட்டு மலையேறினால் பொழுது சாய்வதற்குள் ஒரு குடியிருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். மலேரியா, பேதி, பாம்புக்கடி, நாள் கடந்த பிரசவம். காட்டாற்றைத் தாண்ட முடியாமல் கைவிட்டுப் போன உயிர்களும் உண்டு. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. பிறகு அந்த மலைக்கு ரோடு வந்தது, அரசு ஆஸ்பத்திரி வந்தது. சங்கத்தின் சின்ன மருந்தகத்தை மூடினார்கள். மூடியது நல்லதுக்குத்தான் என்று கனகமே சொன்னாள். ஆனால் சென்னை ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கச் சொன்னபோதுதான் அவளுக்கு மூச்சு முட்டியது.

அந்தச் சமயத்தில் அவளுடைய தம்பி மகள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தாள். அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் கனகத்தின் கண்ணில் ஒரு காட்சி பட்டது. எதிரே இரண்டு கம்பெனிகளின் மதில்கள். நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடைவெளி. தலையில் விறகுக்கட்டோடு ஒரு பெண் அந்த இடைவெளிக்குள் போனாள். அவள் பின்னாலேயே இன்னொருத்தி, இடுப்பில் குழந்தையோடு. உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டிக்கடைக்காரரைக் கேட்டாள்.

"அங்க இன்னா கீது? காடுதான்," என்றார் அவர்.

கனகம் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு மதில்களுக்கு நடுவே நடந்தாள். மதில் முடிந்ததும் காடு தொடங்கியது. ஒடிசா மலையில் பார்த்த மாதிரி வானத்தை மறைக்கிற மரங்கள் இல்லை. காரையும் சூரையும் சீமைக்கருவேலமும் பின்னிக் கிடக்கும் முட்காடு, ஊடே தனித்தனிப் பனைகள். ஒற்றையடிப் பாதை ஏரிக்கரையைத் தொட்டு ஒரு மேட்டில் ஏறியது. மேட்டின் மேல் தார்ப்பாய் போர்த்திய குடிசைகள். இருளர் குடும்பங்கள். கம்பெனிச் சங்கு பக்கத்து வீட்டில் ஊதுவது போலக் கேட்டது. அந்த இடத்துக்குக் காட்டுமேடு என்று பேர்.

சங்கத்துச் செயலாளர் இதைக் கேட்டுச் சிரித்தேவிட்டார். "மெயின் ரோட்டுப் பக்கத்துல, சுத்திலும் அத்தனை ஆஸ்பத்திரி. அங்க போயி மிஷன் வேலையாம்மா?"

"ஆஸ்பத்திரி இருக்கு ஐயா. அந்த ஜனங்களைக் கூட்டிட்டுப் போயி, டாக்டர் சொல்லுதத வெளங்க வச்சு, திரும்பக் கொண்டாந்து விட ஆளு இல்ல. நான் போறேன்."

அவர் யோசித்து முடிவு சொல்வதற்குள் அவள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு அறை பார்த்துக் குடியேறிவிட்டாள்.

காட்டுமேட்டில் அவளை முதலில் மறித்தவள் கிளியம்மாள். கனகத்தின் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, ஏரிக்கு அந்தக் கரை வரை கேட்கிற குரல். அந்த மேட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"யாரு நீ? இன்னாத்துக்கு தெனம் வந்துகினு கீற? உன் சாமிய கும்புட்டாத்தான் மாத்திர குடுப்பியா?"

"மாத்திரை கவர்மெண்டு கொடுக்கது. சாமி என் சாமி, நான் கும்பிட்டுக்கிடுதேன்," என்றாள் கனகம். "ஒங்க சாமி யாரு?"

"கன்னியம்மா."

"பிள்ளைக்கு வயித்தால போகும்போது உப்பும் சீனியும் கரைச்சுக் கொடுக்கக் கூடாதுன்னு கன்னியம்மா சொல்லுமா?"

கிளியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வாயி ஜாஸ்திதான் உனக்கு," என்று சொல்லிவிட்டு, உட்கார ஒரு சாக்கை எடுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து கனகத்தின் காலைகள் அந்த மேட்டில்தான். வண்டியை ஏரிக்கரையில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, பனைமரத்தடியில் கண்மூடி ஒரு நிமிடம் நிற்பாள். குழந்தைகளும் வரிசையாக வந்து கண்மூடி நின்று, ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிக்கும். பிறகு புண் கழுவுவாள், காய்ச்சல் பார்ப்பாள், மாசமாயிருக்கிற பெண்களை ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போவாள். பாம்புக்கடிக்குக் கிளியம்மாள் பச்சிலை வைத்திருந்தாள். பச்சிலையைக் கட்டிக்கொள்ளட்டும், ஆனால் அதற்கு முன்னால் ஆம்புலன்ஸுக்குப் போன் போட வேண்டும் என்று இருவருக்கும் நடுவே ஓர் உடன்பாடு ஆயிற்று. அதற்கே ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட வேண்டியிருந்தது.

கிளியம்மாளுக்கு ஒரே மகன், பெயர் சின்னப்பையன். அவன் மனைவி செந்தாமரை, கைக்குழந்தை ஒன்று. உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டர் மூலமாகத் தோட்ட வேலை பார்த்தான். அந்த மேட்டில் கழுத்தில் கம்பெனி கார்டு மாட்டிய ஒரே ஆள் அவன்தான். லீவு நாளிலும் அதைக் கழற்ற மாட்டான். ஆடி மாதம் அவனுக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. பேன்ட் இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தான். கனகம் சளியை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தாள். டிபி என்று வந்தது.

"ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாளும் விடக்கூடாது. பாதியில நிறுத்துனா நோயி மறுபடி வரும், அப்பம் இந்த மாத்திரைக்கு அடங்காது," என்றாள் கனகம்.

தினமும் வேலைக்குப் போகுமுன் அவள் கண்முன்னால்தான் மாத்திரையை முழுங்க வேண்டும் என்று ஏற்பாடு. முதல் வாரம் அவனுக்குக் குமட்டியது. சிறுநீர் சிவப்பாகப் போனதைக் கண்டு, "ரத்தம் போவுது சிஸ்டரு," என்று பயந்து ஓடிவந்தான். அது மருந்தின் நிறம் என்று சொல்லிப் புரியவைத்து, கொண்டுவந்த அவித்த முட்டையைத் தின்னவைத்துவிட்டுத்தான் கனகம் நகர்ந்தாள். குழந்தைக்கும் நோய் தொற்றாமலிருக்க டாக்டரிடம் மருந்து வாங்கிக் கொடுத்தாள். இருமல் குறைந்தது. முகத்தில் சதை ஏறியது.

அந்த நேரம் பார்த்து யாரோ நோய் விஷயத்தை சூப்பர்வைசர் காதில் போட்டுவிட்டார்கள். அவர் சின்னப்பையனின் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார். கனகம் கம்பெனி கேட்டில் போய் நின்றாள்.

"மருந்து ஆரம்பிச்சு எத்தனையோ நாளாச்சு சார். இனி யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லுதாரு. அவரை வேணும்னா பேசச் சொல்லுதேன்."

சூப்பர்வைசர் கெட்ட மனுஷன் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான் ஒருத்தன் ஒத்துகினா ஆவாது சிஸ்டர். லைன்ல தெரிஞ்சா எவனும் இவன்கூட குந்தி சோறு துன்ன மாட்டான். எனக்கு மேல காண்ட்ராக்டரு கீறாரு. என்னைப் பேஜார் பண்ணாத."

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் சின்னப்பையனையே காணோம்.

"எங்க போனானோ, எனக்கு இன்னா தெரியும்," என்றாள் கிளியம்மாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. மாத்திரை அட்டைகள் கூரையில் செருகியபடியே இருந்தன. கனகம் தினமும் வந்து தினமும் கேட்டாள். கடைசியில் செந்தாமரைக்குப் பொறுக்கவில்லை.

"வாலாஜாபாத் பக்கம் சிஸ்டரு. கரிமூட்டம் போடற எடத்துக்கு. அத்தைதான் அனுப்ச்சாங்க."

"ஆமா, நான்தான் அனுப்ச்சேன்!" கிளியம்மாள் எழுந்து நின்றாள். "வேல இல்லாத ஆம்பள வூட்ல குந்திகினு மாத்திர துன்னா ரோசம் செத்துடும். இருமல்தான் நின்னுபூட்ச்சே. அப்பால இன்னா?"

"பொகையிலயா அனுப்பியிருக்கீய?" கனகத்தின் குரல் உயர்ந்தது. அந்த மேட்டில் அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. "நெஞ்சு புண்ணாயிக் கெடக்கவன, கரிப் பொகையிலயா?" பதிலுக்கு நிற்காமல் வண்டியைத் திருப்பினாள்.

வாலாஜாபாத்தைத் தாண்டி, வறண்ட ஏரி ஒன்றின் ஓரத்தில் இருந்தது அந்த இடம். வெட்டிய கருவேல மரத்தைக் குவித்து, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளுக்குள் தீ வைத்து, நாள்கணக்கில் கரியவிடுவார்கள். மண்ணில் தெரிந்த ஓட்டையிலெல்லாம் புகை. அங்கே ஆள்களை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரி தாண்டவராயன் குறுக்கே வந்தான்.

"யாரும்மா நீ? ஆபீசரா?"

"நர்ஸ். சின்னப்பையனைப் பாக்கணும்."

சின்னப்பையன் வந்தான். கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன, மற்றதெல்லாம் கரி. கனகத்தைப் பார்த்ததும் கால் தயங்கியது.

"வாய்யா, வீட்டுக்குப் போவோம்," என்றாள்.

"வரமாட்டேன் சிஸ்டரு." தலையைக் குனிந்துகொண்டே பேசினான். "அந்த மாத்திரையாலதான் கார்டு போச்சு. அங்க எல்லாம் என்னை ஒரு மாதிரி பாக்கறானுங்க. இங்க எவனும் ஒண்ணும் கேக்கல. பக்கத்துல குந்தி துன்றான், படுக்கறான். நான் இங்கியே கீறேன்."

எப்படியும் பேசி அழைத்துப்போய்விடலாம் என்றுதான் கனகம் வந்திருந்தாள். ஒடிசாவில் எத்தனை பேரைக் கெஞ்சியும் மிரட்டியும் மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கியிருக்கிறாள். இவன் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்செல்லாம் உதவாது என்று தோன்றியது. அவன் சொன்னதில் தவறு என்ன? அவமானப்பட்ட இடத்துக்கு யார்தான் திரும்பி வருவார்கள்?

"சரி. நீ வர வேண்டாம்," என்றாள். "நான் வருதேன். தெனமும்."

"இங்கியா? எம்மாந் தூரம் சிஸ்டரு!"

"தூரம் என் பாடு. முழுங்கது ஒன் பாடு."

அடுத்து தாண்டவராயனிடம் திரும்பினாள். "இவனைப் பொகைகிட்ட விடாதீங்க. மரம் வெட்டுத பக்கம் போடுங்க."

"எனக்கு இன்னா வந்துது?"

"இவனுக்கு நோயி திரும்புச்சுன்னா ஒங்க பக்கத்துல நின்னுதான் இருமுவான்."

தாண்டவராயன் ஓரடி தள்ளி நின்றான். மறுநாளே சின்னப்பையன் கையில் அரிவாள் இருந்தது. விட்டுப்போன நாள்களைப் பற்றிக் கனகம் டாக்டரிடம் சொன்னாள். அவர் சளியை மறுபடி சோதித்துவிட்டு, இனி விடாமல் தொடரச் சொன்னார்.

அதன் பிறகு அவள் முதல் ஷிப்டு பஸ்களுக்கும் முன்னால் கிளம்ப வேண்டியதாயிற்று. வாலாஜாபாத் போய், மாத்திரை முழுங்குவதைப் பார்த்து, அங்கிருந்து காட்டுமேட்டுக்குத் திரும்புவாள். கன்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போகும். இடுப்பு விட்டுப்போகும். ஹெல்மெட்டுக்குள் ஆண்டவரோடு சத்தமாகவே பேசிக்கொண்டு போவாள். "இவனுக்குப் புத்தியக் கொடும், இந்த டயருக்கு ஆயுசக் கொடும்" என்பது அநேகமாக தினசரி ஜெபம். கரிமூட்டத்துக்காரர்களும் மெல்ல அவளிடம் வர ஆரம்பித்தார்கள். தீக்காயம், கண்ணெரிச்சல், முள் குத்திச் சீழ் வைத்த கால். தாண்டவராயன் அவள் வண்டி நிற்க ஒரு நிழலை ஒழித்துக் கொடுத்தான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சாலையே ஏரி மாதிரி ஆயிற்று. ஒரு நாள் மழையால் தாமதமாகக் கிளம்பிய கனகத்தின் கண்ணுக்கு, ஒரகடம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் தண்ணீருக்கு அடியிலிருந்த பள்ளம் தெரியவில்லை. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கம்பெனி பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் குதித்து ஓடிவந்து தூக்கினார்கள். வலது மணிக்கட்டு ஒடிந்திருந்தது.

அரசு ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவளுக்கு ஊரிலிருந்து தம்பியின் போன் வந்தது. "யக்கா, போதும்க்கா. அங்கன கெடந்து ஏன் சீரழியுதிய? ஊருக்கு வந்திருங்க, நான் பாத்துக்கிடுதேன்."

"கை ஒடிஞ்சதுக்கு ஊருக்கு வருவாங்களாக்கும்? வைல போனை," என்றாள். அவளுக்கு வேறு கவலை. அன்றைய மாத்திரை அவளுடைய பையிலேயே இருந்தது. நாளைக்கு யார் போவது? சங்கத்தில் கேட்டால் ஆள் அனுப்பப் பல நாளாகும். ஒற்றைக் கையால் வண்டி ஓட்ட முடியுமா என்றுகூட யோசித்தாள்.

அப்போதுதான் சொட்டச் சொட்ட நனைந்து கிளியம்மாள் வந்து நின்றாள். பின்னால் செந்தாமரை. பெட்டிக்கடைக்காரர் சொல்லி விஷயம் தெரிந்ததாம். கிளியம்மாள் அந்த மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைய சண்டைக்குப் பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"தெனம் அவன்கிட்டியா போய்கினு இருந்த?"

"ஆமா."

"அம்மாந் தூரம்?"

கிளியம்மாள் கையை நீட்டினாள். "எங்க அந்த மாத்திர? குடு இங்க. எத்தினி, எப்ப குடுக்கணும், சொல்லு."

கனகம் இடது கையால் அட்டையைப் பிரித்துக் காட்டினாள். கிளியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. விரலால் தொட்டுத் தொட்டுத் திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்டு, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாள்.

அடுத்த நாள் நடந்ததைச் செந்தாமரை சிரித்துச் சிரித்துச் சொன்னாள். கிளியம்மாள் பஸ் மாறி, மிச்ச தூரம் சேற்றில் நடந்து மகன் முன்னால் போய் நின்றிருக்கிறாள். அவன், அப்புறம் முழுங்குகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவள் குனிந்து ஒரு விறகை எடுத்தாள். "அந்தம்மா உன் ஒருத்தனால கைய ஒட்ச்சிகினு கெடக்குது. வாய தொறடா!" என்று போட்ட சத்தத்தில் தாண்டவராயனே வாயைத் திறந்துவிட்டானாம்.

கனகமும் சிரித்தாள், கை வலித்தது. தான் ஒரு நாள் போகாவிட்டால் அந்த மாத்திரை நின்றுவிடும் என்று இத்தனை நாள் உறுதியாக நம்பியிருந்தாள். அப்படி இல்லை என்று தெரிந்ததில் பெரிய ஆறுதல், கூடவே கொஞ்சம் சங்கடம். அதையும் அன்றைய ஜெபத்தில் மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

மழை விடவில்லை. கரிமூட்டங்கள் அணைந்து வேலை நின்றது. கிளியம்மாள் மகனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் மேட்டில் ஏறியபோது நான்கு பேர் ஒரு மாதிரி பார்க்கத்தான் செய்தார்கள். "இன்னா பாக்கற? என் புள்ள மருந்து துன்றான். நீ குடிக்கறது சாராயம்," என்று ஒருவனிடம் நேராகவே கேட்டாள் கிளியம்மாள். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

கனகம் கட்டுப் பிரித்து வந்த பிறகும் மாத்திரை கொடுக்கும் வேலையைக் கிளியம்மாள் திருப்பித் தரவில்லை. "உனக்கு வேற வேல இல்லியா?" என்று விரட்டிவிட்டாள். மாசி மகத்துக்கு இருளர் ஜனம் எல்லாம் மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மாளைக் கும்பிடும். அந்த வருஷம் கிளியம்மாள் கனகத்தையும் கூப்பிட்டாள். "நீயும் வா. உன் சாமி கோச்சிக்குமா?"

"என் சாமியும் கடக்கரையிலயே சுத்துனவருதான். கோவிக்க மாட்டாரு."

கடற்கரை மணலில், பொழுது விடிகிற நேரத்தில், அலைச் சத்தத்துக்கு நடுவே சின்னப்பையன் தன் மாத்திரையைக் கேட்டு வாங்கி முழுங்கினான். கொஞ்ச நாளில் ஆறு மாதக் கணக்கும் முடிந்தது. சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் சொன்னார். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டி, தழும்பு மட்டும் இருக்கும் என்றார்.

கம்பெனி அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கனகம் இன்னும் இரண்டு தடவை கேட்டில் போய் நின்றுதான் பார்த்தாள். சூப்பர்வைசர் மாறிப் போயிருந்தார். புதியவருக்கு எதுவும் தெரியவில்லை. பென்னலூர்ப் பக்கம் செடி வளர்த்து விற்கிற ஒரு நர்சரியில் அவனுக்கு வேலை கிடைத்தது. அங்கே கழுத்தில் மாட்ட கார்டு எதுவும் கொடுக்கவில்லை. அதில் அவனுக்கு வருத்தம்தான். ஆனாலும் போகிறான்.

சித்திரை வெயிலில் ஒரு காலை. கனகம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தும்போதே கிளியம்மாள் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். கையில் ஒரு பெண்ணின் மணிக்கட்டு. பக்கத்துக் குடிசையில் புதிதாக வந்து தங்கியிருந்த பெண் அவள். திமிறிக்கொண்டும் இருமிக்கொண்டும் வந்தாள்.

"இவ ஒரு மாசமா இருமினு கீறா சிஸ்டரு. கேட்டா ஒண்ணும் இல்லன்றா. சளி புடிக்கற டப்பா எடு."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா, வுடுக்கா," என்றாள் அந்தப் பெண்.

"என் புள்ளயும் இப்டித்தான் சொன்னான். குந்து இங்க."

கனகம் மருந்துப் பெட்டியைத் திறந்தாள். "பயப்படாதம்மா. முதல்ல பேர் சொல்லு," என்று கேட்டபடி, டப்பாவின் மூடியைத் திருகினாள்.